கோடு ஆற்றுப் பக்கம்

சால்டர் கம்பி உருகும்போது ஒரு புகை எழும்புமே முசே, கரியில் குங்கிலியம் போட்டதுபோல, கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் காறலுமாக. போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கையடியிலிருந்தே அது எழும்பி மூக்கில் ஏறியது. ஏறக்குறைய ஐம்பது வருடமாக நான் சால்டர் கம்பியைத் தொடவில்லை. நகரத்து ஓரம் தூ டுக்கில் ஒன்பதாவது மாடி, கண்ணாடிச் சன்னல், குளிர்காற்று இயந்திரம் ஓடும் அறை. அங்கே உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடினேன். பக்கத்தில் நீங்கள் தொண்டையைச் செருமுவதுபோல இருந்தது.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல கவிதா எழுதுகிறாள். சென்னைப் பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், இங்கே வியட்நாமில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். "பாய், கொஞ்சம் மெதுவா. உங்க வாய்க்கு என் கை ஓடல" என்கிறாள். உங்களுக்குப் பிறகு என்னைப் பாய் என்று கூப்பிடுகிற ஆள் இவள் ஒருத்திதான். உங்கள் பேரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை, முசே என்பேன், புதுச்சேரிக்காரர்களை அப்படித்தானே கூப்பிடுவோம். நீங்கள் என்னைப் பாய் என்பீர்கள். இரண்டும் பேரில்லை. ஆனால் கூப்பிட்டால் வேறு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இவள் என்னிடம் வந்தது ஒரு மின்விசிறியோடு. தமிழ்க் கோயில் வாசலில் காப்பி விற்கிறவள்தான் வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள், சந்துக்குள் ஒரு கிழட்டு இந்தியக்காரன் விசிறி பழுது பார்ப்பான் என்று. கவிதா போனில் யாரிடமோ, "ஒரு தாத்தா இருக்காரு, இங்கிலீஷ் தெரியுமான்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். நான் தலை தூக்காமல், "தமிழ் தெரியும்மா, அது போதுமா?" என்றேன். போனைக் கீழே போடப் பார்த்தாள்.

விசிறி ஓடிய பிறகு, பழைய இரும்புக் கடையில் ஒரு மிக்சர் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். பாட்டுப் பதிவு செய்கிற பெட்டி, அந்தக் கால ஜெர்மன் சாமான், உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றிப் புதுசாக்கப் போகிறாளாம். போட்டோ காட்டினாள். பன்னிரண்டு வரிசை குமிழ். பதினொன்றில் எல்லாம் கறுப்பு. ஏழாவது வரிசையில் மட்டும் மேல் குமிழ் சிவப்பு. பழைய ரேடியோ சாமான் விற்கிற ஞத் தாவ் சந்தையில் அமெரிக்க ராணுவ ரேடியோ ஒன்றைப் பிரித்தபோது நாம் திருகி எடுத்த சிவப்பு. நீங்கள்தான் அதை அங்கே மாட்டி, "ஏழாவது மிலிட்டரி ஆளு, மரியாதையா தொடு" என்றீர்கள்.

"நானும் வரவா?" என்று மட்டும் கேட்டேன். மேலே ஓடுகிற புது ரயிலில் ஞாயிறுதோறும் தூ டுக்கில் அவள் வீட்டுக்குப் போய் வருகிறேன்.

போர் முடிந்து கொடி மாறிய மறு வருடம் நம்மிடம் அந்த மிக்சர் எப்படி வந்தது, நினைவிருக்கிறதா? பாட்டுப் பதிவுக்கூடத்தைப் பூட்டிவிட்டு, பெட்டியைச் சைக்கிள் வண்டியில் ஏற்றி வட்டாரக் கலாசார நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். கூடவே நம் இரண்டு பேரையும். நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் தந்திப் பிரிவில் இருந்தவர், மின்சுற்றுப் படம் பார்த்து வாசிப்பீர்கள். நான் பதிவுக்கூடத்தில் கேபிள் சுற்றி, தரை துடைத்து, பார்த்துப் பார்த்துச் சால்டர் பிடித்தவன். ஆறு வயது நீங்கள் மூப்பு. வட்டாரத் தலைவர் நம்மைக் காட்டி, "இந்த இரண்டு சாவாவும் பெட்டியோடு சேர்ந்து வந்த சாமான்" என்பார். இந்தியக்காரனுக்கு இங்கே அதுதான் பேர். நீங்கள் தமிழில், "சாமானுக்காவது கியாரண்டி உண்டு" என்று முணுமுணுப்பீர்கள். நான் சிரிப்பை அடக்கத் துணியை எடுத்து வாயைத் துடைப்பேன்.

புதுச் சாமான் எங்கேயும் கிடையாது. மிக்சரோ மழை பெய்வதுபோல் இரைந்தது. ராணுவ ரேடியோக்களிலிருந்து டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, வரிசை வரிசையாக மாற்றினோம். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நீங்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு விரலைத் தூக்குவீர்கள். "ஒண்ணு நின்னுச்சு பாய்." மறு வாரம், "ரெண்டு நின்னுச்சு." பன்னிரண்டாவது மழை நின்ற அன்று உங்கள் மனைவி வாழையிலையில் மீன் வறுத்துக் கொடுத்து விட்டார். உங்கள் மகள் பத்து வயதுப் பிள்ளை, அந்த மைக்கில் முதல் பாட்டுப் பாடினாள்.

என் வேலை முறையைப் பார்த்து நீங்கள் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்! எழுத்து தெரியாதவன் ஒரு சாமானைக் கழற்றுகிறான் என்றால், அது இருந்த இருப்பை மனசில் எழுதிக்கொள்ள வேண்டும். மேசையில் போர்டை எப்போதும் ஒரே வாக்கில்தான் வைப்பேன். முன்னால் கதவு, பின்னால் சன்னல், வலது கை ஆறு, இடது கை பள்ளிவாசல். கழற்றும் முன் வாய்விட்டுச் சொல்வேன்: "சிவப்பு, ஊதா, மஞ்சள், கதவைப் பார்த்து. கண்டென்சர் கோடு சன்னல் பக்கம்." நீங்கள் பேப்பரில் குறிப்பீர்கள், நான் வாயால் குறிப்பேன். மாலையில் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு தடவைகூட நான் தப்பியதில்லை. "உன் தலைக்குள்ள ஒரு ஊரே இருக்கு பாய்" என்பீர்கள்.

மழை நின்ற பிறகு மிஞ்சியது கொர்ரென்று ஓர் உறுமல். மின்சாரம் வாங்கித் தருகிற அடிப்பலகையில், பால் டின் அளவு பெரிய கண்டென்சர் ஒன்று காய்ந்துபோயிருந்தது. அதற்கு ஈடாகச் சந்தையில் ஒன்று கிடைத்தது விழாவுக்கு முந்தின நாள். விழா என்றால் மேலதிகாரிகள் வருகிற விழா. உங்களுக்கோ பிரான்சுக்குப் போகிற தாள் கைக்கு வந்து விட்டது. மூன்று பேருக்கும் விமானம், இன்னும் சில வாரம்தான். "போறதுக்கு முன்னாடி இந்தக் கொர்ரை நிறுத்திட்டுப் போயிடணும் பாய்" என்றீர்கள்.

பழையதைக் கழற்றும்போது நான் வழக்கம்போலச் சொன்னேன், "கோடு ஆற்றுப் பக்கம்." கோடு இருக்கிற கால் கழித்தல், மாற்றி மாட்டினால் சூடேறி வெடிக்கும். புதியதை வைக்கும்போது நீங்கள் பலகையில் அச்சடித்திருந்ததை விளக்கு பிடித்து வாசித்தீர்கள்.

"கழித்தல் பள்ளிப் பக்கம் பாய்."

"இல்லீங்க முசே. கோடு ஆத்துப் பக்கம்ல இருந்துச்சு."

"ஜெர்மன்காரன் அச்சுல போட்டிருக்கான். நீ ஆறு, பள்ளின்னுட்டு இருக்க. பலகையைத் துடைக்கும்போது திருப்பி வெச்சிருப்ப."

துடைத்தது உண்மை. திருப்பி வைத்தேனா? வைத்ததில்லை, ஒருநாளும் வைத்ததில்லை. ஆனால் அச்சு என்றீர்களே. அச்சுக்கு முன்னால் என்னைப்போல ஒருவன் என்ன பேசுவது? நீங்கள் சொன்னபடி, கோட்டைப் பள்ளிப் பக்கம் வைத்துப் பற்றவைத்தேன். நீங்கள் அதற்குள் மைக் கட்ட மேடைக்குப் போய்விட்டீர்கள். நான் வைத்ததை நீங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஓட விட்டோம். கொர்ர் குறைந்தது, பாட்டுக்கூடக் கொஞ்சம் ஓடியது. தலைவர் பேச எழுந்தார். பாதிப் பேச்சில் வெடித்ததே, எப்படிப்பட்ட வெடி! கண்டென்சருக்குள் இருந்த காகிதமும் தகடும் தூள் தூளாகப் பறந்து மேடையில் பஞ்சாய் இறங்கியது. போர் முடிந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத ஊர். சனங்கள் நாற்காலிக்கு அடியில் பூந்தார்கள். தலைவர் காட்டில் சண்டை போட்டவர், அவர் ஒருவர்தான் முறையாகக் குப்புறப் படுத்தார். எழுந்தபோது தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொடி. அந்த நேரத்திலும் சிரிப்பை அடக்கி உங்கள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நாம் சேர்ந்து சிரிக்கவில்லை.

வட்டார அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். வெடித்த கண்டென்சரை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். எந்தக் கால் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, கருகின தகரம். தலைவர் கோபப்படவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒருவர் பிரான்சுக்குப் போகிறவர். போகும் முன் வெடிக்கிறது. இதை நான் எப்படி எழுதுவது?" என்று வியட்நாமிய மொழியில் நிதானமாகக் கேட்டார். நீங்கள் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தீர்கள். தாள் போனால் மூன்று பேருக்கும் போயிற்று. உங்கள் மனைவி வெளியே மகளைப் பிடித்துக்கொண்டு நின்றது சன்னல் வழியே தெரிந்தது.

"அவர் சரியாத்தான் சொன்னார்" என்றேன். "எனக்குக் கூட்டல் எது, கழித்தல் எதுன்னு தெரியாது. எழுத்து தெரியாதவன். திருப்பி வெச்சிட்டேன்."

படித்தவன் செய்தால் அது சதி. படிக்காதவன் செய்தால் தப்பு. அவ்வளவுதான் வித்தியாசம், அது போதுமானதாக இருந்தது. ஒரு தாளில் ஏதோ எழுதி என் பெருவிரலை அழுத்தச் சொன்னார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களை விட்டார்கள். எனக்கு வேலை போனது.

படி இறங்கும்போது நீங்கள் திரும்பிப் பார்க்காமல் கேட்டீர்கள், "உன் ஆத்துப் பக்கமே வெச்சுட்ட, இல்ல பாய்? ஒரு தரம் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதா?"

அங்கே நான் வாய் திறந்திருக்கலாம். நீங்கள் சொன்ன பக்கம்தான் வைத்தேன் முசே என்று ஒரு வார்த்தை. ஆனால் உங்களை எனக்குத் தெரியும். சின்னப் பொய்க்கும் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் தூங்காத ஆள். சொன்னால் அந்தப் படியிலேயே திரும்பி மேலே ஏறி, "வாசித்தது நான்" என்று தலைவர் முன் நின்றிருப்பீர்கள். அதனால், "ஆமா முசே" என்றேன்.

விமான நிலையத்துக்குப் போகிற பஸ் பக்கத்தில் என் தோளில் கை வைத்தீர்கள். "மன்னிச்சிட்டேன் பாய்" என்றீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். வாங்கிக்கொண்டேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமலே இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

கூட்டல் கழித்தல் தெரியாத சாவா என்று சந்தை முழுக்கப் பேர் பரவியது. யாரும் எனக்கு ஒரு போர்டு தரவில்லை. கொஞ்ச நாள் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பிறகு விசிறிக்கு வந்தேன். விசிறியில் எந்தக் கம்பியை எந்தப் பக்கம் மாட்டினாலும் சுழலும், கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. முறுக்கி டேப் சுற்றினால் தீர்ந்தது. என் மனைவி இருந்தவரை வீட்டில் வியட்நாமிய மொழி, அவள் போன பிறகு அதுவும் இல்லை. மகன் கூ சி என்கிற ஊரில் மாடு வளர்க்கிறான், அவனுக்குத் தமிழில் "வாப்பா" மட்டும் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பொய்யை இரண்டு தடவை சொன்னால் அது வேர் விடுகிறது. பத்துப் பதினைந்து வருடம் போன பின், எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. ஒருவேளை பலகையைத் திருப்பித்தான் வைத்தேனோ? பற்றவைக்கக் கவிழ்த்தபோது வலது இடதாகி, நீங்கள் சொன்னதற்கு மாற்றி வைத்துவிட்டேனோ? என் தலைக்குள் ஓர் ஊரே இருக்கிறது என்றீர்களே, அந்த ஊரில் எனக்கே வழி தப்பியது. தெருவில் நின்று ஆறு எந்தக் கைப் பக்கம் என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற பழக்கம் அப்போதுதான் வந்தது.

போன மழைக்காலத்தில் உங்கள் மகள் போன் பேசினாள். பள்ளிவாசல் ஆட்களிடம் கேட்டு எண் வாங்கியிருக்கிறாள். முசே, அவள் பேசின வியட்நாமிய மொழி பத்து வயதுப் பிள்ளையின் மொழி. அதற்குமேல் வளரவில்லை. அறுபதை நெருங்கும் குரலில் அந்தக் குழந்தை, "அப்பா போயிட்டார்" என்றது. அவள்தான் பேசினாள். உங்கள் வீட்டில் யாராவது சட்டையை உள்வெளியாகப் போட்டால், கதவைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்தால், நீங்கள் "பாய் மாதிரி" என்பீர்களாம். அது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டதாம். அவளுடைய பேரன், நாலு வயது, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், தமிழ் ஒரு சொல் தெரியாத அந்த வீடு முழுக்க "பாய்! பாய்!" என்று கத்துமாம். சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் சிரித்தேன். அன்று விசிறி ஒன்றும் கையில் எடுக்கவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வரிசையிலும் காய்ந்த கண்டென்சர்களையெல்லாம் எடுத்துப் புதுசு வைத்தாயிற்று. கவிதா அவற்றைக் கெப்பாசிட்டர் என்கிறாள். இழுவைக் குமிழ்களை மாற்றினாள், பாட்டு வெளியே வருகிற பக்கம் இரைச்சல் குறைந்த சில்லுகளைப் போட்டாள். அவள் எண்ணை வாசிப்பாள், நான் இடத்தைச் சொல்வேன். என் திசைகளை அவளும் பழகிக்கொண்டாள், அந்த ஒன்பதாவது மாடியில் ஆறு இடது பக்கம் தெரிகிறது, பள்ளிவாசல் பக்கத்திலேயே இல்லை, இருந்தாலும். கடைசியாக அடிப்பலகை. நமக்குப் பின்னால் யாரோ ஒருவர் புதுக் கண்டென்சர் வைத்திருந்தார். கரிந்த வட்டம் அப்படியே இருந்தது.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். "கோடு எந்தப் பக்கம்மா?"

"ஆத்துப் பக்கம் பாய்." பிறகு குனிந்தாள். "ஆனா பிரிண்ட்ல மைனஸ் பள்ளிப் பக்கம்னு இருக்கே. இவரு மாத்தி வெச்சிருக்காரு."

"மாத்தி வெச்சா வெடிக்கும்."

"அதானே. இது வெடிக்கலையே."

பலகையைக் கவிழ்த்தாள். செம்புக் கோடுகளை விரலால் பிடித்துக்கொண்டே போய், மீட்டர் முள்ளை இங்கே ஒன்று, அங்கே ஒன்று வைத்தாள். அது பீப் என்றது. இன்னொரு தடவை வைத்தாள். "பாய், பிரிண்ட்டே தப்பு. ஃபேக்டரியிலயே மாத்தி அடிச்சிருக்காங்க. இதை நம்பி வெச்சவன் கதை கந்தல்தான்" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

நீங்கள் தப்பாக வாசிக்கவில்லை முசே. நான் தப்பாக வைக்கவுமில்லை, மறக்கவுமில்லை. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒரு ஆள், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒரு சின்னக் குறியை இடம் மாற்றி அடித்திருக்கிறான். நீங்கள் எழுத்தை நம்பினீர்கள், நான் உங்களை நம்பினேன். செம்பை நம்பிய ஆள் நமக்குப் பிறகு வந்திருக்கிறார்.

எழுந்து சன்னலண்டை போனேன். கீழே ஆறு இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, தமிழில், சத்தம் போட்டு. சொல்லத் தோன்றிய ஆள் ஒருவர்தான், நீங்கள்தான் போய்விட்டீர்களே. கவிதாவிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவள் காப்பி ஆறிப்போனது.

"போன் போடுங்க பாய்" என்றாள். "வீடியோ கால்லயே பேசலாம், போர்டைக் காட்டலாம். தப்பே பண்ணாம இத்தனை வருஷம் பேரைக் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. அங்க இன்னும் உங்கள வெச்சு சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும்மா."

"ஐயோ, உங்களுக்கு ரோஷமே இல்லியா?"

இருக்கிறது. இல்லாமலா இந்த வயதில் ரயிலேறிப் போய்ச் சால்டர் பிடித்தேன்? என் கை தப்பவில்லை என்று தெரிந்தது போதும், அதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் மகளிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அப்பா வாசித்ததற்கு ஒருவன் தண்டம் கட்டினான் என்பதை இனி அவள் தூக்கித் திரிய வேண்டும். அதைவிட, மறு நாள் அந்தப் பிள்ளை செருப்பை மாற்றிப் போட்டு வந்தால் யாரும் கத்தமாட்டார்கள். இங்கே குடும்பமாகச் சேர்ந்து என்னைப் பாய் என்று கூப்பிட ஒரு வீடு இல்லை முசே. அங்கே ஒன்று இருக்கிறது. அதைத் திருத்த எனக்கு மனமில்லை.

புதியதைக் கோடு ஆற்றுப் பக்கமாக வைத்துப் பற்றவைத்தேன். அடுத்துத் திறக்கிற ஆள் அச்சை நம்பிவிடக் கூடாதே. கவிதா அங்கே எழுதி ஒட்டுகிறேன் என்றாள். வேண்டாமென்று, அவளுடைய நகச்சாயத்தை வாங்கி, ஆற்றுப் பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். எனக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.

ஓட விட்டோம். காதில் கருவியை மாட்டிவிட்டாள். மழையும் இல்லை, கொர்ரும் இல்லை. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அமைதி. "ஒரு சத்தமும் இல்ல பாய்!" என்று அவள் கை தட்டினாள். நான் விரலைத் தூக்கினேன், நீங்கள் தூக்குவதுபோல. "ஒண்ணு நின்னுச்சு" என்று சொல்லலாம் என்றால், கேட்க அங்கே நீங்கள் இல்லை. கருவியைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டேன்.

இப்போதும் காலையில் கண் விழித்தால் முதல் வேலை அதுதான். முன்னால் கதவு, பின்னால் சன்னல், வலது கை ஆறு, இடது கை பள்ளி. நான்கும் இருந்த இடத்தில் இருக்கின்றன, இனி தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பிறகு படுத்தபடியே நேரம் கணக்குப் பார்க்கிறேன். அங்கே பிரான்சில் அப்போது நடுச்சாமம், பிள்ளை தூங்கும். எழுந்ததும் செருப்பைத் தேடும். இரண்டில் ஒரு நாளாவது கால் மாறும். யாராவது என்னைக் கூப்பிடுவார்கள்.